சத்தியபாய் தந்த கால்

திருவனந்தபுரத்து டாக்டர் கால்முட்டுக்குள் அறுந்த லிகமெண்ட் நாரைச் சரியாக்கி அனுப்பிவிட்டார். தினமும் புருஷனின் காலை மடக்கி நீட்டும் பாடு சத்தியபாய் தலையில் விழுந்தது.

"எட்டீ, நோவுது!" என்று அலறுவான் பொன்னுதாஸ்.

"கொஞ்சம் பொறுங்க. இப்ப மடக்கல்லைன்னா முட்டு இறுகிப் போவும்."

"வாலிபால் ஆடி விழுந்ததா?" என்று பார்க்க வந்தவர்கள் கேட்டால், "ஆமா" என்று அவளே முந்திக்கொள்வாள்.

ஊன்றுகோலை விட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை பொன்னுதாஸ் ஜெபசபையில் எழுந்து சாட்சி சொன்னான். "இந்தக் கால் எனக்க பெண்டாட்டி தந்ததாக்கும்!"

பெண்களெல்லாம் கண்ணைத் துடைத்தார்கள். சத்தியபாய்க்கும் அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவன் கதவைச் சாத்தினான்.

"அண்ணைக்கு நான் உன்னைக் காலைத் தூக்கிச் சவுட்டும்போ நீ விலகினதுனாலயாக்கும் முட்டு திருகிச்சு. இண்ணைக்கு விலகாம நில்லுட்டீ."