ஐந்து எண்ணும்வரை

உச்சிவெயில். காரின் பின்கதவு நிழலில், விரித்த துண்டின்மேல் ரிமோட்டில் ஓடும் பொம்மை லாரி மல்லாந்து கிடக்கிறது. சோதனைக்காக மணல்மேட்டை இரண்டு முறை ஏறி இறங்கிய சூடு இன்னும் அடங்கவில்லை. அகலப் பட்டை டயர் மாட்டி, ஸ்பிரிங்கை இளக்கி, மணல் புகாமல், ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்குப் பலூனை உறையாகப் போட்டுவிட்டார் வெல்டர். மிச்சம் மோட்டார்தான். ஐந்து எண்ணும்வரை அதன்மேல் வைத்த விரல் சூடு தாங்கினால் இன்றைய பந்தயத்தில் ஓடும். தாங்காவிட்டால், மோட்டாரின் சுமை குறைய, பல்சக்கரத்தைச் சின்னதாக மாற்றியாக வேண்டும். அவருடைய விரலை நம்பிப் பயனில்லை. இருபது வருஷத் தீப்பொறியில் நுனியெல்லாம் மரத்துப்போய், கொதிக்கிற டம்ளரும் அவருக்கு ஆறின டம்ளர்தான்.

"நீ வச்சுப் பாரேன்" என்கிறார் மனைவியிடம்.

"என் விரல்தான் உங்களுக்கு தெர்மாமீட்டரா?" என்றபடி அவள் வளையலை மேலே தள்ளிக்கொண்டு விரலை வைக்கிறாள். தூரத்தில், பந்தயத்தைத் தொடங்கிவைக்கக் கொடிக்காரர் விசிலை வாயருகே கொண்டுபோகிறார். பல்சக்கரம் மாற்றப் பத்து நிமிஷம் பிடிக்கும் என்று அவளுக்கும் தெரியும். இந்த ஒரு நாளைப் பற்றி ஒரு வருஷமாக அவர் வாய் ஓயாமல் பேசியதும் தெரியும். "ஒண்ணு... ரெண்டு..." காற்று மணலை வாரி இறைக்கிறது. "மூணு." குரலில் பிசிறே இல்லை. அவர் மோட்டாரைப் பார்க்கவில்லை. அவளுடைய கால் கட்டைவிரலைப் பார்க்கிறார். அது செருப்பில் மடங்கி இறுகுகிறது. "நாலு..."

மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துவிடுகிறார்.

"அய்யோ, இன்னும் ஒண்ணுதானே!"

விசில் ஒலிக்கிறது. மற்ற லாரிகள் தொடக்கக் கோட்டிலிருந்து சீறிக் கிளம்புகின்றன. வெல்டர் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிறார், ஒரு கையால் மட்டும். இன்னொரு கை அவள் மணிக்கட்டை இன்னும் விடவில்லை.