உட்கருவுக்கு உள்ளே இடமில்லை

எலும்பு மஜ்ஜைக்குள்ளே ஒரு இளம் சிவப்பணு வளர்ந்துகொண்டிருந்ததாம். அதன் நடுவில் உப்பிப்போய் உட்கார்ந்திருந்த உட்கருவுக்கு, தான் அதட்டாவிட்டால் எதுவும் அசையாது என்ற நினைப்பு.

ரத்தத்தில் இறங்கும் நாள் வந்தது. சுற்றியிருந்த சவ்வு பணிவாகச் சொன்னது: "ஐயா, சின்னச் சின்னக் குழாயில மடங்கி நுழையணும். ஆக்சிஜன் வேற ஏத்தணும். நீங்க எறங்கிக்கிட்டா இடம் கிடைக்கும்."

"நான் இல்லாம எப்படிடா ஓடுவீங்க?"

"லேசா ஓடுவோம்யா" என்று சவ்வு அதை வெளியே பிதுக்கித் தள்ளியது.

"நில்லுங்கடா!" என்று உட்கரு கத்தக் கத்த, சிவப்பணு குழிந்த வயிற்றோடு வழுக்கிக்கொண்டு போயே போய்விட்டது. பக்கத்தில் கழிவைத் தின்னும் செல் ஒன்று, "வாங்க தலைவரே" என்று விழுங்கியது.

உள்ளே போன உட்கரு தொண்டையைக் கனைத்தது. "இங்க யாருடா பொறுப்பு?"

அந்தச் செல்லின் நடுவில் உட்கார்ந்திருந்த அதன் சொந்த உட்கரு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சத்தம் போடுது. சீக்கிரம் செரிச்சுடுங்கடா."