கழுத்தை அசைக்காமல்

மனித மனத்தின் எல்லாக் கதவுகளுக்கும் டாக்டர் தனபாலனிடம் சாவி இருந்தது. அவர் கிளினிக்கின் கழிவறைச் சாவிதான் எப்போதும் கிடைக்காது. பரதநாட்டிய டீச்சர் மாதங்கி அவரை முழுசாக நம்பினாள். மனச்சோர்வுக்கு இரண்டு வருடமாக விழுங்கிய மாத்திரையை, "இன்னையோட நிறுத்திடலாம்மா, ஒண்ணும் ஆகாது" என்று அவர் சொன்னதும் நிறுத்திவிட்டாள். நான்காம் நாளிலிருந்து தலையைத் திருப்பினாலே மண்டைக்குள் ஷாக் அடித்தது. கழுத்தசைவு சொல்லிக்கொடுக்க வேண்டியவள், கூப்பிட்டால் தேர் மாதிரி உடம்போடு திரும்பினாள். மாணவிகள் சிரித்தார்கள். வகுப்பையே மூடவேண்டி வருமோ என்று பயந்து அவரிடமே ஓடினாள்.

"மாத்திரையை நிறுத்தினதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. உங்க பழைய வியாதி திரும்புது. இனிமே ஆயுசுக்கும் சாப்பிடணும்."

"பழைய வியாதியில அழுதிருக்கேன் சார். ஷாக் அடிச்சதில்ல."

"நான் டாக்டரா, நீங்க டாக்டரா?"

அப்போது பக்கத்துக் கதவைத் திறந்து நர்ஸ், "சார், டீ சொல்லவா?" என்றாள். டாக்டர் சுழல்நாற்காலியோடு முழுசாகத் திரும்பி, "வேணாம்" என்றார். கழுத்து இம்மிகூட அசையவில்லை. முப்பது வருடமாகக் கழுத்துகளையே பார்த்துத் திருத்தியவள் அதைக் கவனித்துவிட்டாள்.

"நீங்க மாத்திரையை நிறுத்தி எத்தனை நாள் ஆச்சு சார்?"

கதவு சாத்தியிருக்கிறதா என்று அவர் மறுபடியும் நாற்காலியோடு திரும்பிப் பார்த்தார்.

"பதினொண்ணு."

"தெரிஞ்சுக்கிட்டேதான் என் வியாதின்னு சொன்னீங்களா?"

"வெளியில சொல்லிடாதீங்கம்மா."

முந்தாநாள் ஒரு பற்பசை விளம்பரத்தைப் பார்த்து அழுதுவிட்டாராம்.