ஜிம்மியின் படம்

சாரம்மாள் நாயைக் குளிப்பாட்டித் துடைத்து, அதன் கறுப்பு நெற்றியில் சுண்ணாம்பால் வட்டமாகப் பொட்டு வைத்தாள்.

"சுண்ணாம்பு எதுக்கு தாயி?" என்றார் படம் பிடிக்க வந்த அசன் மைதீன்.

"எடுப்பா இருக்கட்டுமே அண்ணாச்சி. பிள்ள வேற ஒண்ணும் கேக்கல."

யுத்தத்தில் காயம்பட்டு பஸ்ரா ஆஸ்பத்திரியில் கிடந்த மகன் தேவசகாயம், ஜிம்மியின் படத்தை மட்டும்தான் கேட்டு எழுதியிருந்தான்.

"பேரச் சொல்லிக் கூப்பிடும் வாத்தியாரே, இங்கன பாக்கட்டும்."

"ஜிம்மி! ஏலே ஜிம்மி!" என்று தகப்பனார் பாக்கியசீலன் தொண்டை வறளக் கூப்பிட்டார். நாய் காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"உம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளையளும் இப்படித்தானா வே?"

சாரம்மாள் கருவாட்டுத் துண்டை நீட்டினாள். நாய் திரும்பியது. படம் பதிந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது.

"அன்புள்ள அப்பா, படம் கிடைத்தது. ஜிம்மியின் நெற்றி வெள்ளை இவ்வளவு வட்டமாக இருக்காது. இது அம்மா வைத்தது. ஜிம்மி எப்போது செத்தது? அழுதேன். பிறகு அந்தப் பொட்டைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது. இப்போது எழுந்து நடக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவேன். என் பழைய சட்டையொன்றை இந்தப் புதியவனின் படுக்கையில் போட்டு வையுங்கள். வாசலில் என்னைப் பார்த்துக் குரைக்காமல் இருப்பான்."