நான்காம் பாடம்

பழைய புத்தகக் கடையில் நர்ஸ் ஜெசிந்தா ஜெர்மன் புத்தகம் கேட்டாள். அண்ணாச்சி எடுத்துப் போட்ட மூன்றிலுமே நான்காம் பாடம் வரை பென்சில் கோடும் டீக்கறையும். அதற்குமேல் கை படாத புதுசு. ஆன்லைனில் புதுசென்று நம்பி அவள் வாங்கி ஏமாந்த புத்தகமும் அப்படித்தான் இருந்தது. ஜெர்மனிக்குக் கிளம்பியவர்கள் எல்லோரும் ஒரே ஸ்டாப்பில் இறங்கிவிட்டார்கள் போலும்.

"முக்காவாசி புதுசும்மா, விலை குறையாது. ரெண்டு மாசத்துல நீயும் இங்கதான கொண்டாந்து போடப்போற? பாதி விலைக்கு நானே எடுத்துக்கிடுதேன்."

ஜெர்மன் பரீட்சையில் இரண்டு முறை தோற்றவளுக்குச் சுருக்கென்றது. ஒரு புத்தகத்தை எடுத்து, முதல் நான்கு பாடங்களையும் கொத்தாகப் பிடித்துக் கிழித்து, கல்லாமேல் வீசினாள்.

"ஏ பிள்ள! இனிமே இத எவன் வாங்குவான்?"

"அதுக்குத்தான் கிழிச்சேன். இப்ப விலையைச் சொல்லுங்க, அண்ணாச்சி."