துரைக்கு ஒரு சான்றிதழ்

"இன்னிக்குச் சான்றிதழ் வாங்காம நான் வீட்டுப் படி ஏறமாட்டேன், டாக்டரம்மா."

நாய் வளர்ப்பவர் ஒரே பிடியாக நின்றார். கால்நடை மருத்துவர் படிவத்தைப் பார்த்தார். பெயர்: துரை. வயது: இரண்டு.

"டேய் துரை, இங்க பாரு."

நாய் சுவரைப் பார்த்தது.

"கொஞ்சம் திமிரு பிடிச்சவன்," என்று சிரித்தார் வளர்ப்பவர்.

"இடுப்பு மூட்டு சரியில்லன்னா சான்றிதழ் கிடையாது; இவன வச்சு ஆயுசுக்கும் குட்டி எடுக்க முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும். இப்படி ஒருத்தன் பிறக்கணும்னு எட்டு வருஷமா தவம் கிடந்தேன். இவன் ஓட்டத்தப் பாருங்க."

வராந்தாவில் ஓடவிட்டுக் காட்டினார். நாய் துள்ளிக்கொண்டு ஓடியது. நடையில் ஒரு கோணல் இல்லை.

"ஓட்டத்த வச்சு நம்ப முடியாதுங்க. மயக்க ஊசி போட்டு, பின்னங்கால நேரா நீட்டி எக்ஸ்ரே எடுத்தாத்தான் உள்ள இருக்கிறது தெரியும்."

"தாராளமா எடுங்க. எனக்கென்ன பயம்?"

பயம் இல்லைதான். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துக் கூட்டிவந்த நாய் அல்லவா?

அரை மணி நேரத்தில் படம் திரைக்கு வந்தது. மருத்துவர் உதட்டைப் பிதுக்கினார்.

"தொடை எலும்போட உருண்டை இந்தக் கிண்ணத்துல கச்சிதமா உட்காரணும். இவனுக்குப் பாதிக்கு மேல வெளிய நிக்குது. ரெண்டு பக்கமும்."

வளர்ப்பவர் திரையருகே குனிந்தார். "இவன் ஒரு நாள்கூட நொண்டினதில்லையே."

"வலிய வெளிய காட்டாத நாயும் உண்டு. எடை ஏறாம பாத்துக்குங்க, மாடிப்படி ஏற விடாதீங்க."

பதிவேட்டில் துரையின் பெயருக்கு நேரே 'தகுதி இல்லை' என்று எழுதி முத்திரை குத்தினார்.

"இன்னொரு தடவை படம் எடுத்துப் பாக்கலாமே, டாக்டரம்மா?"

"ஒரு நாய்க்கு ஒரு பதிவுதான். எழுதினா எழுதினதுதான்."

வளர்ப்பவரின் கைபேசி அடித்தது. மனைவி.

"ஏங்க, ஒரே சாயல்ல இருக்கானுங்கன்னு துரைய விட்டுட்டு அவன் தம்பியக் கூட்டிட்டுப் போயிட்டீங்களே! ரெண்டு நாளா துரை நொண்டினானே, அது இடுப்பும் இல்ல ஒண்ணும் இல்ல, பாதத்துல முள்ளுங்க. இப்பத்தான் பிடுங்கினேன், தோட்டத்தையே சுத்திச் சுத்தி ஓடுறான். டாக்டரம்மாகிட்ட சொல்லி வைங்க, சாயங்காலமே கொண்டு போய்ச் சான்றிதழ் வாங்கிடலாம்."