பழனியாண்டி மாஸ்டர் மீது ஒரு வழக்கு

குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்கு மாலை போடலாமா, கூடாதா என்பதிலேயே முதல் கால்மணி நேரம் போயிற்று.

கூண்டு என்றால் இரண்டு மேசை, நடுவில் ஒரு நாற்காலி. நாற்காலியில் பழனியாண்டி மாஸ்டரின் படம். மனிதர் செத்து இருபது வருடம் ஆகிறது. மீசை மட்டும் இன்னும் அதட்டிக்கொண்டிருந்தது.

கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. தீர்ப்பு வரும்வரை மாலை இருக்கலாம்.

ஓப்பநாயக்கவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளியில் அன்று விஜயதசமி. தொண்ணூற்றேழாம் வருடம். காலையில் சின்னப் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கி, எல்லாருக்கும் அவலும் கடலையும் கொடுத்து முடிந்த கையோடு வழக்காடு மன்றம். இந்தப் பள்ளியை உண்டாக்கிய மாஸ்டர், பெண் பிள்ளைகளுக்குப் படிப்பை மறுத்த குற்றவாளியா, இல்லையா? அதுதான் வழக்கு.

நடுவர் கிருஷ்ணகுமாரி டீச்சர். அதே தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, அதே பள்ளிக்குத் தமிழ் படிப்பிக்க வந்தவள். தீர்ப்புச் சொல்வது அவளுக்குப் பெரிய காரியமில்லை. முன்வரிசையில் தங்கம்மா உட்கார்ந்திருந்ததுதான் சங்கடம்.

தங்கம்மா மாஸ்டரின் மனைவி.

குமாரி உயர்தரப் பரீட்சைக்குப் படித்த இரண்டு வருடமும் அந்த வீட்டு முன்னறையில்தான் படித்தாள். சுடச்சுட ரொட்டி தட்டிக் கொடுத்தவள் தங்கம்மா. சத்தமாகப் படிக்கச் சொல்லி, பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

அந்தக் கை தட்டிய ரொட்டியைத் தின்றுவிட்டு, அவள் புருசனைக் குற்றவாளி என்று சொல்ல வாய் வருமா? சொல்லாமல் விட்டால், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் இத்தனை பெண் பிள்ளைகளை நாளைக்கு எந்த முகத்தோடு பார்ப்பது? குமாரிக்குப் பயமாகத்தான் இருந்தது.

மாஸ்டர் பக்கம் பேசியவர் ஜாபிர் நானா. டவுனில் புடவைக்கடை வைத்திருப்பவர். மைக்கைக் கண்டால் கடையை மறந்துவிடுவார்.

லயத்தின் கோடியிலிருந்த காம்பரா அறையில் மாஸ்டர் பள்ளி தொடங்கியதைச் சொன்னார். தோட்டத்துத் துரை பூட்டிப் போட்ட கதவைத் திறந்ததைச் சொன்னார். சிலேட்டு வாங்க மாஸ்டர் நடந்துபோன தூரம் நானாவின் வாயில் வருடத்துக்கு நாலு மைல் கூடிக்கொண்டே வருகிறது. அவர் போட்ட கூரைக்குக் கீழே நின்று அவரையே திட்டுகிறோமே, இது அடுக்குமா என்று முடித்தார். கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார்.

வழக்குத் தொடுத்தவள் பத்தாம் வகுப்பு துஷ்யந்தி. அவள் எழும்பி, ஒரு பழைய கொப்பியைத் தூக்கிக் காட்டினாள்.

மாஸ்டர் கைப்பட எழுதிய கொப்பி. மட்டை முழுக்கச் சந்தனம், குங்குமம். மாஸ்டர் போனதிலிருந்து ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் தங்கம்மா அதைக் கும்பத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிடுவது தோட்டமே அறிந்த விசயம். துஷ்யந்தி போய்க் கேட்டதும் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

துஷ்யந்தி வாசித்தாள். ‘பெண் பிள்ளைகளையும் சேர்க்கச் சொல்லி நாலு பேர் வந்தார்கள். முடியாது என்றேன். கொழுந்து எடுக்கிற விரலுக்கு எழுத்து பாரம்.’

அது அந்தக் காலம் என்றார் நானா. அதே காலத்தில் குருவிட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெண் பிள்ளைகள் படித்தார்களே என்றாள் துஷ்யந்தி. நானா லேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

குமாரி தங்கம்மாவைப் பார்த்தாள். தங்கம்மா அந்தக் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே குமாரி எழும்பினாள்.

பள்ளியைத் தந்ததற்கு மாஸ்டருக்கு என்றைக்கும் நன்றி உண்டு என்றாள். அந்த நன்றிக்காக, பெண் பிள்ளைகளுக்குக் கதவைச் சாத்தியது சரியென்று ஆகிவிடாது என்றாள். குற்றவாளிதான். தண்டனை: அவருடைய படம் பள்ளி அதிபர் அறையை விட்டிறங்கி, ஒரு வருடத்துக்கு ஒன்றாம் வகுப்பில், பெண் பிள்ளைகளுடைய வாங்கில் உட்கார வேண்டும். எழுதிவர வீட்டு வேலையும் உண்டு.

கூரைத் தகரம் அதிரச் சிரிப்பு. முதலில் சிரித்தவர் ஜாபிர் நானா.

தங்கம்மா சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழும்பி, மேடையைப் பார்த்து நடந்தாள். அவள் கடக்கக் கடக்க வரிசை வரிசையாகச் சிரிப்பு அடங்கியது. இறங்கிப்போய்க் காலில் விழுந்துவிடலாமா என்று குமாரி நினைப்பதற்குள் அவள் மைக்குக்கு முன்னால் வந்துவிட்டாள்.

“தீர்ப்பு சரிதாங்க டீச்சரம்மா. ஆனா அவரத் தனியா விட்டா ஏமாத்திருவாரு. பக்கத்துல நானும் ஒக்காந்துக்கிறேன்.”

சனம் மறுபடி கொல்லென்று சிரித்தது. குமாரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவளும் சிரித்துவிட்டாள்.

“ஒங்களுக்கு எதுக்குங்கம்மா தண்டனை?”

தங்கம்மா துஷ்யந்தியின் கையிலிருந்த கொப்பியை வாங்கினாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

“அவரு போனதுல இருந்து இருவது வருசமா இதுக்குப் பொட்டு வச்சேன். உள்ளுக்க என்னா எழுதியிருக்குன்னு இன்னிக்கு இந்தப் புள்ள வாசிச்சுத்தான் எனக்குத் தெரியும். இனிமே எதையும் நானே வாசிச்சுப் பாத்துட்டுத்தான் கும்புடுவேன்.”